ஸ்கேன் நார்மல்தான், ட்யூட்டிக்கு அவசரம் வேண்டாம்

ஆடியில் சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, மே மாதத்தில் ஏற்காடு கோடை விழா. இரண்டு சமயத்திலும் தலையில் அடிபட்ட காவலர்கள் டாக்டரான என்னிடம் வருவதுண்டு. கூட்டத்தில் யாரோ கல்லெறிந்திருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்தவர்களில் பலர் பந்தோபஸ்து முடிந்து, தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வீடு திரும்பும்போது விழுந்தவர்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை இரவு முழுக்க நின்ற காலோடு இறங்குவது லேசான காரியம் இல்லை.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்றதும், "அப்ப நாளைக்கே ட்யூட்டில சேர்ந்துடலாமா சார்?" என்பார்கள். சிக்கலே இங்கேதான். மூளை அதிர்வு ஸ்கேனில் தெரியாது. தலை வேகமாகக் குலுங்கியதில் நரம்புச் செல்களின் வேலை கொஞ்ச காலம் தடுமாறும். படம் சுத்தமாகவே இருக்கும். மயக்கம் போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தலைவலி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, தூக்கம் கெடும், சொல்ல வந்தது பாதியில் மறக்கும், சுள்ளென்று கோபம் வரும். துப்பாக்கியோடு ரோந்து போகிறவருக்கும், சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் ஹாரன் இரைச்சலுக்கு நடுவே நிற்பவருக்கும் இது எவ்வளவு ஆபத்து! ஒரு ஏட்டையாவின் மனைவி, "முன்னெல்லாம் பிள்ளைங்ககிட்ட குரலே உசத்த மாட்டார் டாக்டர்" என்றார். ஸ்டேஷனில் அதற்குள் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பேராகிவிட்டது.

முதல் ஓரிரு நாள் ஓய்வு. அப்புறம் மெல்ல நடை, வீட்டு வேலை, எழுத்து வேலை, பகல் ட்யூட்டி; இரவு ட்யூட்டி கடைசியில்தான். குணமாகும் முன் இன்னொரு அடி பட்டால் நிலைமை மோசமாகும். ட்யூட்டி போடும் அதிகாரிகள் இதை மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் நாள் கூட ஒருவர் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல ஒழுகல் என்றால் உடனே 108. வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சில வாரங்கள் கழித்துக்கூட மெல்லக் கசிந்த ரத்தம் தொல்லை தரலாம்.

ஹெல்மெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கலவரத் தடுப்பு ஹெல்மெட் கல்லுக்கும் கம்புக்கும் செய்தது, பைக்குக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதைப் போட்டு, பட்டையை மாட்டுங்கள். விழுந்தபோது போட்டிருந்ததை, கீறல்தானே என்று மறுபடி போடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது.