கோர் பேங்கிங்: ‘மைய வங்கி’ அல்ல, நடுப்பேரேடு

பாபநாசத்தில் ஒரு வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவில் போன மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ‘மைய வங்கித் தீர்வு மேம்படுத்தப்படுவதால் சனி இரவு 11 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை சேவைகள் கிடைக்கப்பெறாது.’ எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் திரும்பினார். “தம்பி, தீர்வுன்னு போட்டிருக்கே, நகைக்கடனுக்கா, பயிர்க்கடனுக்கா?” என்றார். “கடனுக்கு இல்லைங்கய்யா, கம்ப்யூட்டரைச் சொல்றாங்க” என்றேன். முகம் வாடி, கையிலிருந்த பாஸ்புக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இந்த மொழிபெயர்ப்பைப் பல இடங்களில் பார்த்துப் பொறுத்துக்கொண்டவன்தான் நான். அன்று பொறுக்கவில்லை.

மூலம் ‘கோர் பேங்கிங் சொல்யூஷன்’. சுருக்கமாக சிபிஎஸ். கோர் என்றால் பழத்தின் நடுவே விதையைத் தாங்கும் பகுதி; அதிலிருந்து, ஒன்றின் உயிரான பகுதி. வங்கிக்கு உயிரான வேலை வைப்பு வாங்குவது, கடன் கொடுப்பது, பணம் அனுப்புவது. கோர் என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துக்கும் ஆளுக்கொரு விரிவு சொல்லிக் கொடுப்பார்கள். அது பின்னால் ஒட்டவைத்தது என்றே எனக்குப் படுகிறது. சரி, சொல்லின் பிறப்பு இவ்வளவு போதும்.

அது செய்யும் வேலைக்கு வருவோம். முன்பு கிளைக்குக் கிளை தனிப் பேரேடு, அதாவது தனிக் கணக்குப் புத்தகம். பாபநாசத்தில் கணக்கு வைத்தவருக்குக் கும்பகோணம் கிளையில் கணக்கே கிடையாது. 1980-களில் ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் பரிந்துரையை ஒட்டிக் கிளைகளுக்கு வந்த முதல் இயந்திரங்களின் பெயரே ‘லெட்ஜர் போஸ்டிங் மெஷின்’, அதாவது பேரேட்டில் பதியும் இயந்திரம். அதுவும் அந்தந்தக் கிளையோடு நின்றது. பிறகுதான் எல்லாக் கிளைகளின் பேரேடும் ஒரே இடத்துக் கணினிக்குப் போனது. ஸ்டேட் வங்கியில் இருப்பது டிசிஎஸ்ஸின் ‘பேங்க்ஸ்’ என்ற மென்பொருள். வேறு பல வங்கிகளில் இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள். இப்போது நீங்கள் கிளையின் வாடிக்கையாளர் அல்ல, வங்கியின் வாடிக்கையாளர்.

நிர்வாகத்துக்கு இதனால் கிடைத்தது இன்னும் பெரிது. மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் எந்தக் கிளையில் நகைக்கடன் ஏறுகிறது, சம்பா அறுத்த பணம் எந்த ஊரில் வைப்பாகத் தங்குகிறது, எந்தக் கடன் தவணை தவறி, வாராக்கடன் ஆகிவிடும் 90 நாள் கெடுவை நெருங்குகிறது, குறுகிய காலப் பயிர்க்கடன் என்றால் எது இரண்டு பருவம் தாண்டப் போகிறது என்பதெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு அன்றன்றே தெரியும். எங்கே புதுக் கிளை திறக்கலாம், எங்கே வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்ற முடிவுகள் அதிலிருந்து பிறக்கின்றன. அந்த விவரத்தைத் தொகுத்துத் தரும் ஏற்பாட்டை ‘மேலாண்மைத் தகவல் முறைமை’ என்கிறோம். நல்ல சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ‘மைய வங்கி’? பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் படித்த பிள்ளையைக் கேளுங்கள். மைய வங்கி என்றால் ரிசர்வ் வங்கி. இலங்கையில் அதையே மத்திய வங்கி என்கிறார்கள். எங்கள் பக்கமோ இன்னும் சிக்கல். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மத்திய கூட்டுறவு வங்கிகள் உண்டு. பேச்சில் ‘மத்திய வங்கி’ என்றால் அதுதான். ஆக, ஒரு கணினி ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் இரண்டு உண்மையான வங்கிகளின் மேல் போய் விழுகிறது. தீர்வு அதைவிட மோசம். வங்கித் தமிழில் தீர்வுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: காசோலைத் தீர்வு, ஒரே தவணையில் கடன் தீர்வு. கடன்பட்டவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் நெஞ்சு பதறத்தானே செய்யும்? மென்பொருள் விற்கிறவர் தன் சரக்கை ‘சொல்யூஷன்’ என்று சொல்லிக்கொள்வது அவர் வியாபாரம். அதை நாம் ஏன் தமிழில் சுமக்க வேண்டும்?

சிலர் ‘அடிப்படை வங்கிச் சேவை’ என்று எழுதுகிறார்கள். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்குக்கு ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று ஏற்கெனவே பெயர். அதுவும் ஆகாது.

தமிழ்ப்பற்றுள்ள நண்பர் ஒருவர், “மைய என்பது மத்தியவைவிடத் தமிழாகத்தானே இருக்கிறது, விடுங்களேன்” என்றார். எனக்கும் தமிழ்ச்சொல்மேல் ஆசை உண்டு. ஆனால் தப்பான பொருளைச் சுட்டும் தமிழ்ச்சொல்லைவிட ‘கோர் பேங்கிங்’ என்று அப்படியே எழுதுவது எவ்வளவோ மேல். தெரியாத சொல் என்றால் படிப்பவர் யாரையாவது கேட்பார். தெரிந்த சொல் தவறாக நின்றால் கேட்கவே மாட்டார், நம்பிவிடுவார்.

என் பரிந்துரை நடுப்பேரேடு. பெரிய ஏடு பேரேடு. பேரூர், பேராசிரியர் போல. அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, அப்புறம் ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது நம் கடைத்தெருக் கணக்குப்பிள்ளைகளின் வழக்கம். ‘ஒற்றைப் பேரேடு’ என்று முதலில் யோசித்தேன். கணக்கியலில் ஒற்றைப் பதிவு முறை என்று வேறொன்று இருப்பதால் விட்டுவிட்டேன். பொதுப்பேரேடும் வேறு பொருளில் வழங்குகிறது. நடுப்பேரேடு எதனோடும் மோதவில்லை. ஏற்பாட்டைச் சொல்ல நடுப்பேரேட்டு முறை, அதை இயக்குவது நடுப்பேரேட்டு மென்பொருள்.

வங்கிக்கு மட்டுமல்ல. கும்பகோணத்தில் மூன்று பாத்திரக்கடை வைத்திருப்பவர் மூன்றின் சரக்கிருப்பையும் விற்பனையையும் ஒரே கணினியில் பார்க்கிறார் என்றால் அதுவும் நடுப்பேரேட்டின் வழிதான். அதன் விரிந்த வடிவமான இஆர்பி-யை ‘நிறுவன வளத் திட்டமிடல்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். மூன்று சொல்லையும் படித்தாலும் அது என்ன செய்யும் என்று அந்தக் கடைக்காரருக்கு விளங்காது. ஆங்கிலத் தொடரைப் பிரித்துப் பிரித்து அகராதியில் தேடுகிறார்களே தவிர, அந்தக் கருவி ஓடுகிற இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்ப்பதில்லை.

இப்போது இது கிராமத்துக்கும் வந்துவிட்டது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ல் ஒன்றிய அமைச்சரவை 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. உரக்கடனுக்குச் சங்கத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் இனி இந்தச் சொற்கள்தான் படும்.

பாபநாசம் கிளை மேலாளரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: ‘எங்கள் நடுப்பேரேட்டு மென்பொருளைப் புதுப்பிக்கிறோம். சனி இரவு 11 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை ஏடிஎம்மில் பணம் எடுக்கவோ செல்பேசி வழியே அனுப்பவோ முடியாது. உங்கள் கணக்கிலும் கடனிலும் எந்த மாற்றமும் இல்லை.’