தாமான் நெகாரா நுழைவு அனுமதியும் தோட்டத்து மக்கள் அறிய வேண்டிய விதிகளும்

பகாங் மாநிலத்து ஜெராந்துட் நகரைச் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களில் வாழும் நமக்கு, மலேசியாவின் தேசியப் பூங்காவான தாமான் நெகாரா தொலைவில் இல்லை. ஆயினும் அது வெளிநாட்டுப் பயணிகளுக்கான இடம் என்றும், பயண முகவரிடம் பெருந்தொகை கட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்றும் பலர் எண்ணிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் 1938, 1939ஆம் ஆண்டுகளில் தனித்தனியே சட்டம் இயற்றி ஒதுக்கிய இந்த 4,343 சதுர கிலோமீட்டர் காட்டை, வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் நிர்வகிக்கிறது. அனுமதிச் சீட்டை முகவர் இல்லாமல் நாமே முகப்பிடத்தில் எடுத்துக்கொள்ளலாம். நுழைவுக்கு 1 ரிங்கிட், காமிராவுக்கு 5 ரிங்கிட் என்பதே பல ஆண்டுகளாக இருந்துவந்த கட்டணம்; இன்றைய நிலவரத்தைப் புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. மீன் பிடிக்கத் தனி உரிமம் வேண்டும். சீட்டை நனையாத பையில் வைத்து, காட்டை விட்டு வெளியேறும்வரை உடன் வைத்திருங்கள்.

விலங்குகளைக் காண விரும்புவோருக்குப் 'பும்புன்' எனப்படும் மரக்குடில்களே சிறந்த இடம். உப்பு மண் தின்ன விலங்குகள் வரும் வெளியை நோக்கி உயரத்தில் கட்டப்பட்ட இக்குடில்களில் பலகைக் கட்டில்களும் நீண்ட திறந்த சாளரமும் இருக்கும். இரவு தங்குவதற்குப் பூங்காவின் நுழைவிடமான கோலா தாஹானிலுள்ள அலுவலகத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பும்புன் கும்பாங் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடை என்பதால், சிறு பிள்ளைகளோடு செல்வோர் அருகிலுள்ள பும்புன் தாஹானைத் தேர்ந்தெடுக்கலாம். உணவை மூடி வைத்து, பேச்சை முற்றிலும் நிறுத்தி, விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். குறுந்துதிக்கை கொண்ட, பன்றி போன்ற விலங்கான தாப்பிர் வந்தால், அதன் கறுத்த முன்பாதி இருளோடு கலந்துவிட, வெள்ளை இடுப்பு மட்டும் தனியே நகர்ந்து வருவதுபோல் தெரியும். எதுவும் வராமல் விடிந்துவிடும் இரவுகளும் உண்டு. அதற்காகக் கட்டணம் திருப்பித் தரப்படாது.

அனுமதி என்பது பார்ப்பதற்கு மட்டுமே. உணவிடுவதும், செடி பறிப்பதும், எதையும் எடுத்து வருவதும் கூடாது.

2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716ஆம் சட்டம், பூங்காவின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதைத் தோட்டத்து மக்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். காட்டுப்பன்றிக்கென்று செம்பனை வரிசைக்கிடையே கம்பிச் சுருக்கு வைப்பதும் இச்சட்டப்படி குற்றமே. அச்சுருக்கில் முழுப் பாதுகாப்புப் பெற்ற தாப்பிரோ புலியோ சிக்கிக் காலறுந்து சாகக்கூடும். தீபகற்பக் காடுகளில் எஞ்சியுள்ள புலிகள் 150க்கும் குறைவு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இச்சட்டத்தின் கீழ் விதிக்கப்படக்கூடிய உச்சத் தண்டனை 10 லட்சம் ரிங்கிட் அபராதமும் 15 ஆண்டுச் சிறையும் ஆகும். தோட்டத்தில் சுருக்கையோ காயம்பட்ட விலங்கையோ கண்டால், அருகில் செல்லாமல் இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, மாவட்டத்திலுள்ள பெர்ஹிலித்தான் அலுவலகத்திற்கு உடனே தெரிவியுங்கள்.