தொழில்துறை இசையாம்!

இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஓர் ஆவணப்படத்தின் தமிழ் சப்டைட்டிலில் "தொழில்துறை இசைக்கலைஞர்" என்று வருகிறது. திரையில் ஒருவர் இரும்புத் தகட்டைத் துளைத்துக்கொண்டிருக்கிறார். தொழில்துறை அமைச்சகத்தில் நாதஸ்வரம் வாசிப்பவரோ?

மூலச்சொல் இண்டஸ்ட்ரியல் மியூசிக்: இயந்திர இரைச்சலையும் இரும்புச் சத்தத்தையும் இசையாக்கும் வகை. லத்தீனில் இண்டஸ்ட்ரியா என்றால் முயற்சி, உழைப்பு. ஆலை உற்பத்தி என்ற பொருள் பிற்பாடு ஏறியது. இசைக்கு அந்தப் பெயர் ஒட்டியது லண்டனில். 1975இல் உருவான த்ராபிங் கிரிஸில் குழு, அடுத்த ஆண்டே இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று சொந்த நிறுவனம் தொடங்கியது. "ஆலை மனிதர்களுக்கு ஆலையிசை" என்ற அதன் முழக்கம் அமெரிக்கக் கலைஞர் மான்டே கசாசா தந்தது.

ஆலையிசை, அவ்வளவுதான். தொழில்துறை என்றால் நமக்கு முதலீடும் மானியமும் திறப்பு விழாவும்தான் நினைவுக்கு வரும். புகையும் இரும்புச் சத்தமும் அதில் எங்கே? சிலர் "தொழிலிசை" என்கிறார்கள். அது ஏற்றப்பாட்டுக்கும் நடவுப்பாட்டுக்கும் பொருந்தும். "தொழில்முறை இசை" இன்னும் மோசம்: முறையான பயிற்சியைச் சட்டைசெய்யாதவர்களைக் கச்சேரி வித்வான்கள் ஆக்கிவிடுகிறது. லண்டனின் ஹாக்னியில் இருந்த தன் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு த்ராபிங் கிரிஸில் குழு வைத்த பெயரே 'மரண ஆலை'. ஆலை நமக்கும் புதிதல்ல. பட்டினப்பாலையில் கரும்பாலைத் தீயின் வெம்மை பட்டு வயல் நெய்தல் வாடுகிறதே!

ஒரு குறை உண்டு. 1977இல் வந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தின் பெயர் 'இரண்டாம் ஆண்டறிக்கை', ஏதோ கம்பெனிக் கணக்குபோல. இசைத்தட்டு வியாபாரத்தைக் குத்தும் அந்தக் கேலி ஆலையிசையில் வராது. சரி, ஒப்புக்கொள்கிறேன். தொழில்துறையில் மட்டும் வருமா? நிஜமான ஆண்டறிக்கைதான் வரும்.

அப்புறம் கேசட். அதை 'ஒலிநாடா' என்கிறார்கள். 'சிறு பெட்டி' என்பதே அதன் பிரெஞ்சு மூலச்சொல்லின் பொருள். ஆக, ஒலிப்பேழைதான் நெருக்கம். நாடா உள்ளே சுற்றுவது மட்டுமே. இதே குழு தன் கச்சேரிப் பதிவுகளை 24 கேசட்டுகளாக ஒரு பெட்டியில் அடுக்கி விற்றது, பேழைக்குள் பேழை.

அதே சப்டைட்டிலில் அடுத்த வரி: "நிலத்தடி ஒலிநாடாக் கலாச்சாரம்". பெரிய நிறுவனங்களுக்கு வெளியே இயங்குவதைக் குறிக்கும் அண்டர்கிரவுண்டை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். டோக்கியோவில் மெர்ஸ்போ என்ற பெயரில் இரைச்சலிசைக் கலைஞர் மசாமி அகிதா தானே கேசட் பதிந்து தபாலில் அனுப்பியதைத்தான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, போர்வெல் போட்டு கேசட் எடுத்ததுபோல இருந்தது.