சொந்த உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்கு

ஆன்லைனில் தனியாளாக வியாபாரம் செய்பவர்கள், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்காக மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஜூலை மாதத்தில் வரும்போது, பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் தொழில் போன வருடம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை என்பதே அது. சேலை விற்பவர், பொடியும் தொக்கும் விற்பவர், லோகோ வரைந்து கொடுப்பவர் என்று ஆள் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. "பார்சல் போடவே நேரம் சரியாப் போயிடுது சார், அடுத்தது என்னன்னு யோசிக்க எங்கே நேரம்?" என்கிறார்கள். நேரம் போதவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த நேரம் மணிக்கு எவ்வளவு ரூபாய்க்குப் போகிறது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை, ஏனெனில் அதை எழுதி வைக்க அவர்களுடைய கணக்கில் இடமே கிடையாது.

இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தனிநபர் உரிமையாளராக, அதாவது புரோப்ரைட்டராகத் தொழில் செய்பவர் தனக்கென்று ஒரு சம்பளத்தை எழுதி, அதைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ள வரிச் சட்டம் இடம் தருவதில்லை. கூட்டு நிறுவனத்தில் வேலை செய்யும் பங்குதாரருக்கு ஒரு வரம்புக்கு உட்பட்டு ஊதியம் கழிக்கலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அனுமதித்த ஒருநபர் கம்பெனியில் இயக்குநராக இருப்பவர் சம்பளமே வாங்கலாம். புரோப்ரைட்டருக்கோ மிச்சம் இருப்பதெல்லாம் லாபம். இரவு பதினோரு மணி வரை டேப் ஒட்டியதும் அந்த லாபத்துக்குள்ளேயே கரைந்துவிடுகிறது.

இதோடு சேர்ந்துகொள்வது அனுமான வரித் திட்டம். ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், அல்லது ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு 3 கோடி ரூபாய்க்குள் இருந்தால், வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதத்தையும் ரொக்கமாக வந்ததில் குறைந்தது 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டிவிட்டு, விரிவான கணக்குப் புத்தகம் பராமரிக்காமல் இருந்துகொள்ளலாம். (கமிஷன் வருமானத்துக்கு இது பொருந்தாது, பிறர் பொருளுக்கு லிங்க் போட்டுக் கமிஷன் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும்.) சிறு வியாபாரிக்கு இது நல்ல சலுகை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரித்துறை கேட்கவில்லை என்பதற்காகத் தானும் கணக்கு எழுதாமல் விட்டவர், எந்தப் பொருளில் எவ்வளவு நிற்கிறது என்பதை அறியாமலேயே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இளம்பிள்ளையிலிருந்தோ ஆரணியிலிருந்தோ சேலை எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் ஒரு மாதிரிக்கு நான் போட்டவை. 850 ரூபாய்க்கு எடுத்த சேலையை, கூரியர் இலவசம் என்று சொல்லி 1,200 ரூபாய்க்கு விற்கிறார். கவருக்கும் அட்டைக்கும் 20, கூரியருக்கு 60 போனால் 270 நிற்கும். மாதம் 100 சேலை அனுப்பி, 8 திரும்பி வந்துவிட்டால், 92 சேலையில் 24,840 ரூபாய் கிடைக்கிறது. திரும்பி வந்தவற்றுக்குப் போக வர கூரியரும் கவருமாக 1,120 நஷ்டம். விளம்பரம், இணையம், போன் ஆகியவற்றுக்கு 5,000 கழித்தால் மீதி 18,720 ரூபாய். ஒரு சேலைக்குச் சரக்கெடுப்பு, போட்டோ, பதில், பார்சல் எல்லாம் சேர்த்துச் சராசரியாக ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்தால், 150 மணி நேர உழைப்புக்கு மணிக்கு 125 ரூபாய்கூட முழுதாக வரவில்லை.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கூடினால் அதிகம் புலம்புவது ரிட்டர்னைப் பற்றித்தான். அந்த எட்டும் ஒன்றுகூடத் திரும்பாமல் போனதாகவே வைத்துக்கொண்டாலும், மணிக்குக் கிடைப்பது 147 ரூபாயாகத்தான் உயர்கிறது. மாறாக, ரிட்டர்ன் அப்படியே இருக்க, சேலைக்கு ஒன்றரை மணி நேரம் என்பதை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் அது 187 ரூபாயாகிறது; மாதத்தில் 50 மணி நேரம் கையிலும் மிஞ்சுகிறது. எதைப் பற்றி யாரும் புலம்புவதே இல்லையோ, அதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

அந்த அரை மணி நேரம் எங்கே போகிறது என்பதை அவர்களுடைய போனைத் திறந்தாலே பார்த்துவிடலாம். "விலை என்ன சிஸ்", "வேற கலர் இருக்கா", "ப்ளவுஸ் அட்டாச்டா", "கலர் போட்டோல இருக்கிற மாதிரியே வருமா" என்று இருபது செய்திகள் ஓடி, கடைசியில் "நாளைக்குச் சொல்றேன்" என்று முடியும். படத்தில் விலையைப் போடாமல் "விலைக்கு டி.எம். செய்யவும்" என்று எழுதுவது விசாரணையைக் கூட்டும், விற்பனையைக் கூட்டாது என்பது என் கருத்து, இதை ஒப்புக்கொள்ளாத வாடிக்கையாளர்களும் எனக்கு உண்டு. விலை, நீளம், ப்ளவுஸ் விவரம், துவைக்கும் முறை ஆகியவற்றைப் படத்திலேயே எழுதுவதும், வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் ஆயத்தப் பதில்களைச் சேமித்து வைப்பதும் ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள்தான் பலருக்கும் வருடம் முழுக்கக் கிடைப்பதில்லை.

உதவிக்கு ஆள் வைப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். தினம் இரண்டு மணி நேரம் பார்சல் போட்டுத் தர ஒருவருக்கு மாதம் 6,000 ரூபாய் என்றால், 25 நாளில் மணிக்கு 120 ரூபாய் ஆகிறது. மணிக்கு 125 ரூபாய்கூட ஈட்டாதவர் 120 ரூபாய்க்கு ஆள் வைத்துவிட்டு, விடுபட்ட நேரத்தை மறுபடியும் அதே விசாரணைகளுக்குப் பதில் தட்டுவதில் செலவழித்தால் கையில் எதுவும் மிஞ்சாது. முதலில் வேலையைக் குறைத்துவிட்டு, பிறகு ஆள் வைப்பதே முறை. விடுபடும் நேரத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதையும் ஆளிடம் பேசுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அப்படிச் செய்ய வேண்டியவற்றில் முதலில் வைக்கத்தக்கது வாடிக்கையாளர் பட்டியல். ஒவ்வொரு பார்சலுக்கும் கூகுள் ஷீட்டில் ஒரு வரி போதும்: தேதி, பின்கோடு, பொருள், எந்த வழியாக வந்தவர், முதல் முறையா இரண்டாம் முறையா, திரும்பியதா. அன்றாட வேலைக்குள்ளேயே அரை நிமிடத்தில் முடிகிற இந்தப் பதிவு, ஆறு மாதம் கழித்து எந்த விளம்பரத்தை நிறுத்தலாம், எந்த ஊருக்குப் பணம் வாங்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் மின்சாரமும் சிக்னலும் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தபோது, முகவரி அத்தனையையும் ஒரே போனின் சாட்டுகளில் வைத்திருந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

மற்றவை சட்டம் சார்ந்தவை, சுருக்கமாகச் சொல்கிறேன். பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு 40 லட்சம் ரூபாய் என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருப்பவர்கள், வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அந்த வரம்பு பொருந்தாது என்பதை அறிவதில்லை. கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. மற்றபடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் புதுச்சேரிக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனைதான். வங்கியில் கடன் கேட்கும் நாளில் முந்தைய வருடங்களின் வரிக் கணக்கைக் கேட்பார்கள், அதை அன்றைக்கு உருவாக்க முடியாது. கடைப் பெயருக்கு வணிக முத்திரைப் பதிவு கேட்டு, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

இவற்றுக்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வதில்லை, ஏனெனில் தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் அது நடக்காது. சேலைக்காரருக்கு முகூர்த்தம் இல்லாத மார்கழி தோதான காலம். பொடி விற்பவருக்கு அது வேறு மாதமாக இருக்கும். தனக்கு மந்தமான மாதம் எது என்று போன வருட வங்கி அறிக்கையைப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்த மாதத்தில் ஆர்டர் குறைகிறதே என்று பதறித் தள்ளுபடி போடாமல், தள்ளிப்போட்ட வேலைகளை அங்கே வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஜூலையில் ஆடிட்டரிடம் போகும்போது வங்கி அறிக்கையோடு, உத்தேசமாகவேனும் மாதவாரியாக எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வரிக் கணக்கில் அதற்குக் கட்டம் கிடையாது. விற்பனை விலையை ஏற்றுவதா, ஆள் வைப்பதா, அந்தப் பொருளையே நிறுத்துவதா என்று அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கு அந்தத் தாள் வேண்டும்.