கட்டிலிலேயே கரையும் கால்கள்

பொங்கல் முடிந்த வாரம், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு. எழுபதை நெருங்கும் அம்மா, மூன்று வருடமாக இதயச் செயலிழப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கால் விரலில் மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. கையிலோ வளையல் முழங்கை வரை ஓடியது. "ஆறு மாசமா அத்தையைக் கட்டிலை விட்டு இறங்கவே விடலை மேடம், எல்லாம் கையிலயே கொடுத்துடுறோம்" என்றார் மருமகள். அன்பில் ஒரு குறையும் இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள் என்றேன். தொடை நடுங்கியது, உடம்பு மேலே வரவே இல்லை. அதற்கப்புறம் இதே கதையோடு இன்னும் மூன்று பேர். கடைசி ஆளை நேற்றுதான் பார்த்தேன்.

ஹார்ட் ஃபெயிலியர் என்று டாக்டர் சொன்னதும் 'ஹார்ட் நிற்கப் போகுது' என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். நிற்கவில்லை. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அனுப்பத் திணறுகிறது, அவ்வளவுதான். சரி, திணறுகிற இதயத்துக்கு ஓய்வு நல்லதுதானே என்பீர்கள். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வேண்டும்தான். நிலைமை சீராகி வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் எதற்கு? இந்த நோயே தசையைத் தின்னும். படுக்கையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். தொடை வற்றியவர் பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்கும். உடனே 'பாருங்க, ஹார்ட் தாங்கலை' என்று மறுபடி கட்டில். தாங்காதது கால் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. உடற்பயிற்சி ஆபத்தா என்று 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளை வைத்தே பார்த்துவிட்டார்கள். 2009-இல் வெளியான ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வு அது. நிலைமை சீராக உள்ளவர்களுக்கு முறையான பயிற்சி பாதுகாப்பானது என்று தெரிந்தது.

'எடை குறையவே இல்லையே' என்பார்கள். எப்படிக் குறையும்? தசை போன இடத்தில் நீர் கோத்துக்கொள்கிறது, எடை மெஷின் இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். நடமாடிக்கொண்டிருக்கும் நோயாளிகளிலேயே சுமார் ஐந்தில் ஒருவருக்குத் தசை இழப்பு உண்டு. நாங்கள் கைப்பிடி வலுவைக் கருவியில் அளப்போம். ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் கவலைப்படுவோம். வீட்டில் நாற்காலி போதும். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது கஞ்சி. மூன்று வேளையும் கஞ்சி கொடுத்தால் தசை எங்கிருந்து வரும்? துறைமுகத்தில் தினமும் மீன் வந்து இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு! ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் 20 கிராம் போல. சைவமென்றால் பருப்பு, சுண்டல், தயிர். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மீன் என்றதும் கருவாட்டை எடுக்காதீர்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் நிற்க வேண்டும். ஊறுகாய், அப்பளம் வேண்டவே வேண்டாம்.

பயிற்சியை டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு திக்கினால் வேகம் அதிகம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிதான், காத்திருக்காதீர்கள். தயவுசெய்து மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

அந்த அம்மாவுக்கும் அன்று பயிற்சி கொடுக்கவில்லை, முதலில் இதய மருத்துவரிடம் அனுப்பினேன். நீர் இறங்கியதும் மெட்டி சுழன்றது, தொடைத் தோல் தொங்கியது. அப்போதுதான் வீட்டாருக்கு விஷயம் புரிந்தது. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயர்த்தி, வாரத்துக்கு மூன்று நாள் என்று ஆரம்பித்தோம். போன புதன்கிழமை தலையணை இல்லாமல் ஐந்து முறை எழுந்தார், 19 நொடி. போனில் நேரம் பார்த்தது மருமகள்தான்.