‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லும் முன்

நான்கு பேர் வேலை செய்கிற ஒரு ஜவுளிக்கடை. விற்பனைக்கு நிற்கும் பெண் எட்டு மாதமாக வருகிறார். கல்லாவில் அவ்வப்போது பணம் குறைகிறது. அவர் மேல் சந்தேகம். ஒரு நாள் கடை சாத்தும் நேரத்தில் முதலாளி, “நாளையிலிருந்து வர வேண்டாம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். ஊரில் பாதிக் கடைகளில் ஆளை வேலையிலிருந்து நிறுத்துவது இப்படித்தான். ஆனால் தமிழ்நாட்டில் அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிவதில்லை. அங்கேதான் வழக்கே தொடங்குகிறது.

“சின்னக் கடைதானே, சட்டமெல்லாம் கம்பெனிக்கு” என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பொதுவாக 10 பேர் வேண்டும், வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.புக்கு 20 பேர் வேண்டும். அந்த எண்களைக் கேட்டுப் பழகியவர்கள் எல்லாச் சட்டமும் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்கள். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் வேலை நேரம், விடுப்பு, பணிநீக்கம் பற்றிய விதிகளுக்கு அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. சம்பளத்துக்கு ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அவை பொருந்தும். கடையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதி மட்டும்தான் 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு.

அந்தச் சட்டத்தின் 41ஆம் பிரிவைக் கடை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் நியாயமான காரணம் இருக்க வேண்டும். அதோடு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். “ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துட்டேனே, அப்புறம் என்ன?” என்று கேட்பவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான். பணம் கொடுத்துவிட்டதால் காரணம் தேவையில்லை என்று ஆகிவிடாது.

திருட்டு போன்ற ஒழுங்கீனம் என்றால் முன்னறிவிப்பு வேண்டாம். ஆனால் அதற்கென்று ஒரு விசாரணை நடந்து, சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். நாலு பேர் கடையில் விசாரணையா என்று மலைக்க வேண்டாம். என்ன புகார், எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பதில் சொல்லச் சில நாள் கொடுங்கள். கேமரா பதிவு இருந்தால் அவருக்கும் போட்டுக் காட்டுங்கள். பார்த்ததாகச் சொல்பவர் இருந்தால் இவர் எதிரிலேயே சொல்லட்டும், இவரும் அவரைக் கேள்வி கேட்கட்டும். நடந்ததை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு முடிவெடுங்கள். இத்தனைக்கும் பிறகு அந்தப் பெண் மேல் தப்பே இல்லை என்று தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் ஒருவர் மேல் விழவிருந்த திருட்டுப் பட்டம் விலகுகிறது. எனக்கு இந்தப் பிரிவு பிடிப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

நிறுத்தப்பட்டவர் 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். காரணம் நியாயமில்லை என்றோ, தான் அந்தத் தப்பைச் செய்யவில்லை என்றோ சொல்லலாம். அங்கே வரும் முடிவு இரு தரப்பையும் கட்டும். கையில் ஒரு தாளும் இல்லாத முதலாளி அங்கே போய் எதைக் காட்டுவார்?

ஐந்தரை மாதத்தில் நிறுத்திவிட்டு, பத்து நாள் கழித்துத் திரும்பக் கூப்பிடும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. ஆறு மாதக் கணக்கிலிருந்து தப்பிக்கச் செய்வது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். அதைச் செய்யாதீர்கள்.

ஆகவே ஆள் எடுக்கும்போதே எழுத்தில் எடுங்கள். சேர்ந்த தேதி, வேலை, சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, கொடுத்த அட்வான்ஸ் எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்த விதி 10 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களுக்கு என்றாலும், இரண்டு பேர் கடைக்கும் அந்தத் தாள்தான் பாதுகாப்பு. சேரும்போது வயதுச் சான்றையும் பார்த்துவிடுங்கள். 14 வயதுக்குக் கீழ் இருந்தால், “லீவுல சும்மா ஒத்தாசைக்கு” என்று தெரிந்தவர் கொண்டுவந்து விட்டாலும் சேர்க்கக் கூடாது; சிறைத் தண்டனை வரை போகும்.

கடைகள் சட்டப்படி வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. தீபாவளி நேரத்தில் கணக்குத் தப்புவது இந்த வார வரம்பில்தான். தினமும் இரண்டு மணி கூடுதல் என்றால் ஆறு நாளில் 60 மணி ஆகிவிடும். சட்டப்படி வாரத்தில் மூன்று நாள்தான் அப்படி வாங்க முடியும். அதற்கும் இரட்டிப்புச் சம்பளம். மாதம் 15,600 ரூபாய் வாங்குபவருக்கு 26 நாள் கணக்கில் ஒரு நாள் 600, ஒரு மணி 75 என்றால் ஓவர்டைம் மணிக்கு 150 ரூபாய். சாப்பாடும் பேட்டாவும் கொடுப்பது நல்ல மனசு. அது இந்த 150க்கு ஈடாகாது.

2021இல் இதே கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்பவர்கள் உட்கார வசதி இருக்க வேண்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அவர்கள் உட்காரலாம். ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே கால் வீங்கிப்போன பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்டூல் வாங்கிப் போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்காமல் இருக்க வேண்டும்.

ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை உண்டு. சம்பளத்தோடு 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் முதல் வருடத்திலிருந்தே உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், ஐந்து பண்டிகை நாளும் தனி. அவற்றை இதில் கழிக்கக் கூடாது.

ஒருவர் வேலையை விட்டு நீக்கப்பட்டால் அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். “அடுத்த மாசம் அஞ்சாம் தேதி வந்து வாங்கிக்கோ” என்பது செல்லாது. வங்கிக் கணக்கில் போடுங்கள், அல்லது வவுச்சரில் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள்.