முழங்கால் தேய்மானத்துக்கு உதவித்தொகை: டாக்டரிடம் ‘பரவாயில்லை’ என்று சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 25 வருஷம் தையல் மிஷின் மிதித்த ஓர் அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்துதான் இறங்குவார். உதவித்தொகைக்கான மருத்துவப் பரிசோதனையில் “எப்படி இருக்கிறீர்கள்?” என்று டாக்டர் கேட்க, மரியாதைக்கு “பரவாயில்லை டாக்டர்” என்றார். மனு தள்ளுபடி.

சட்டம் சுருக்கமானது. 18 முதல் 59 வயதுக்குள், 6 மாதத்துக்கு மேல் வேலை செய்ய முடியாதபடி உடம்பு கெட்டிருந்தால், அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் சாசா (SASSA) அமைப்பில் ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்கலாம். வருமானம், சொத்து பார்ப்பார்கள். கணவன் மனைவி இருவருடையதும் கணக்கில் வரும். 60 ஆகிவிட்டால் முதியோர் தொகை. அதற்கு முழங்காலைக் காட்டவே வேண்டாம்.

பலர் எக்ஸ்ரேயை நம்பிப் போகிறார்கள். அது போதாது. அந்தக் காலோடு வேலை பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. எத்தனை நிமிஷம் நிற்க முடிகிறது, டாக்சி பிடிக்கப் போகும் வழியில் எத்தனை தடவை நிற்கிறீர்கள், ராத்திரி வலியில் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு கிளினிக் பக்கமே போகாதவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தக்க காரணமில்லாமல் சிகிச்சையை மறுத்தவருக்குத் தொகை கிடையாது. அரசு கிளினிக் இலவசம்தானே, போங்கள். தொடைத் தசைக்கான பயிற்சியும் எடைக் குறைப்பும் வலியை உண்மையிலேயே தணிக்கும். நீங்கள் சிகிச்சை எடுப்பதும் பதிவாகும். மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருந்தால் அதைச் சொல்லும் ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நகலையும் வையுங்கள்.

மருத்துவ அறிக்கை 3 மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் செல்லாது. அடையாள அட்டை, திருமணச் சான்று, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் முதலில் சேரட்டும். ஒரு தாளுக்காக அலைந்து முடிப்பதற்குள் அறிக்கை காலாவதியான கொடுமையைப் பார்த்திருக்கிறேன்.

மனு கொடுத்தால் தேதி போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள். தொகை அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. “நாளைக்கு வாருங்கள்” என்ற வாய்வார்த்தைக்கு ஒரு காசு மதிப்பில்லை. மனுவுக்குக் கட்டணம் கிடையாது. முடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம், தற்காலிகத் தொகை 6 முதல் 12 மாதத்தில் தானாக நின்றுவிடும். தொடர வேண்டுமானால் புதிதாக மனு போட வேண்டும்.

வரிசையில் நிற்கவே முடியாதவர் நிற்க வேண்டியதில்லை. போக முடியாத காரணத்தைச் சொல்லும் டாக்டர் கடிதத்தோடு மகனோ மகளோ போய் மனு கொடுக்கலாம்.